எட்டாவது பெட்டி

ஈப்போ விமான நிலையத்தில் சூசைநாதன் இருபத்தேழு வருஷம் தீயணைப்புக்காரராக இருந்தார். அந்த இருபத்தேழு வருஷத்தில் அவர் அணைத்த தீ இரண்டே இரண்டு. ஒன்று ஓடுபாதை ஓரத்து லாலான் புல்லில் பிடித்தது. இன்னொன்று கேண்டீன் அடுப்பில் பிடித்தது. மற்ற நாளெல்லாம் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை. சும்மா நிற்பது அவருக்குக் கைவந்த கலை. மேலதிகாரிகள் இதைப் பாராட்டிச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அவர் மனைவி ஹில்டா அதைக் கண்ணாடி போட்டு மாட்ட மறுத்துவிட்டாள்.

சூசைநாதனின் அப்பா யேசுதாசன் இப்படி இல்லை. தாப்பாவுக்கு உள்ளே, மலையடிவாரத்தில் இருந்த கிளென்மோர் தோட்டத்தில் அவர் ரப்பர்ப் பால்மரம் சீவினார். அங்கிருந்த நாற்பது கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் அவர்தான் உபதேசியார். சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளில் பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் செபம் சொல்ல யேசுதாசனைத்தான் கூப்பிடுவார்கள். செபம் சொல்லும் நேரத்தில் மட்டும் வாயில் வெற்றிலை இருக்காது. முடிந்த கையோடு பையைத் திறந்துவிடுவார்.

நாற்பத்தைந்தாம் வருஷம் ஜூன் மாதம், ஜப்பான்காரன் காலம். மழைக்குள் தாழ்வாக வந்த நாலு எஞ்சின் விமானம் ஒன்று தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மலை முகட்டில் மோதியது. சிலோனிலிருந்து வந்த வெள்ளைக்காரன் ஆகாயக் கப்பல், காட்டுக்குள் இருந்த கெரில்லாக்காரர்களுக்குச் சாமான் போட வந்தது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் யேசுதாசன் நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். பதினேழு வயது சூசைநாதனும் போனார். ஏழு பிணங்கள் கிடைத்தன. இரண்டு நாள் தேடினார்கள், ஏழுதான். ஜப்பான்காரனுக்குத் தெரிந்தால் அத்தனை பேர் தலையும் தாப்பா சந்தையில் தொங்கும். ஆனாலும் யேசுதாசன் அந்த ஏழு பேரையும் கீழே இறக்கி, தோட்டத்து எல்லையில் ஒரே குழியில் வைத்து, முழுச் செபமும் சொல்லித்தான் மூடினார்.

விமானத்தில் பாரசூட் பட்டுத் துணி மூட்டை மூட்டையாக இருந்தது. தோட்டத்துப் பெண்கள் சாக்கைச் சுற்றிக்கொண்டு இருந்த காலம் அது. யேசுதாசன் ஏழு பேருக்கும் ஏழு பாரசூட்டைச் சுற்றினார். மிச்சத்தை ஜப்பான்காரன் கண்ணில் படாமல் எரித்தார். ஒரு முழம்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மனைவி இருதயமேரி ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. "செத்தவனுக்குப் பட்டு, உயிரோட இருக்கிறவளுக்குச் சாக்கு" என்று சாகும்வரை சொல்லிக் காட்டினாள். அதில் கோபமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

சண்டை முடிந்து, சிறை முகாமிலிருந்து தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் திரும்பி வந்தார். குழியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். லண்டனுக்கு எழுதினார். விமானத்தில் எட்டுப் பேர் ஏறினார்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது. யேசுதாசன் நேரில் போய், "துவான், ஏழு பேருதான்" என்றார். மானேஜர் அவர் தோளில் தட்டி, காகிதத்தில் எட்டு என்று இருப்பதாகச் சொன்னார். குழிக்கு மேல் சிமெண்டுப் பலகை வந்தது, சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி வந்தது, பித்தளைத் தகட்டில் எட்டுப் பேர் என்று எழுத்தும் வந்தது. புதைத்தவன் சொன்ன கணக்கைவிட, பார்க்காதவன் எழுதிய கணக்குதான் நின்றது. எலும்புகளைப் போர்வீரர் கல்லறைக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். அதற்குள் கம்யூனிஸ்ட் கலகமும் அவசரகாலமும் வந்துவிட்டன. யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஐம்பதாம் வருஷம் யேசுதாசன் மலேரியாவில் செத்தார். ஊரடங்கு. டாக்டர் வரவில்லை, சாமியார் வரவில்லை, போலீசில் எழுதிவைக்கவும் ஆள் போகவில்லை. நாற்பது குடும்பத்துக்குச் செபம் சொன்ன மனிதருக்கு மகன்தான் தட்டுத் தடுமாறிச் செபம் சொன்னார். இருதயமேரி கல்யாணத்துக்குத் தன் அப்பா போட்ட செபமாலையைக் கழுத்திலிருந்து எடுத்தாள். கருப்பு மணியும் பித்தளைச் சிலுவையும் உள்ள மாலை அது. அதைப் புருஷன் கையில் சுற்றினாள்.

"வச்சிருங்க. நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். தனக்குப் புருஷன் பக்கத்தில்தான் இடம் என்பதில் அவளுக்கு அன்றைக்கே முடிவாகிவிட்டது.

சூசைநாதன் ஐம்பத்தாறில் விமான நிலையத்தில் சேர்ந்தார். ஹில்டாவைக் கட்டினார், குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எழுபத்து மூன்றில் கிளென்மோர் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் பால்மரத்தைத் தள்ளிவிட்டு, எண்ணெய் தரும் செம்பனை நட வந்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின. தோட்டத்து இடுகாட்டுக்கும், எலும்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் ஒட்டினார்கள்.

இருதயமேரி ஈப்போவுக்கு மகனோடு வந்துவிட்டாள். வந்தவள் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. "உங்கப்பாவ எப்படா கொண்டாரப் போற?" என்பதுதான் முதல் கேள்வி.

பழைய தோட்டத்துப் பெரிய கிராணி பூபாலசிங்கத்தைப் புது முதலாளிகளும் கணக்கு வழக்குக்காக வைத்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. சூசைநாதன் அவர் முன்னால் போய் நின்றார். உட்காரச் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது.

"எலும்பை எடுக்கிறதெண்டால் சுகாதார இலாகா கடிதம் வேணும். அதுக்கு மரணப் பத்திரம் வேணும். உம்மட்ட இருக்கோ?"

"இல்லைங்க கிராணி ஐயா. அப்ப ஊரடங்கு."

"அப்ப அவர் செத்ததுக்கே ஆதாரம் இல்லையே. நான் என்ன செய்ய?"

மூன்று வாரம் சூசைநாதன் அலையாய் அலைந்தார். தேவாலய அலுவலகத்திலும் அதே பத்திரத்தைத்தான் கேட்டார்கள். கடைசி வாரம், இடுகாட்டின் மறுகோடியில் மண்வாரி இயந்திரம் வந்து நின்றது. அதை ஓட்டுகிற ஆளிடம் பேச்சுக் கொடுத்தார். எல்லாவற்றையும் வாரச் சொல்லியிருக்கிறார்கள், வெள்ளைக்காரன் வேலியை மட்டும் தொடக்கூடாது என்று உத்தரவு, என்றான் அவன்.

அங்கேதான் சூசைநாதனுக்கு அந்த யோசனை வந்தது. வாழ்க்கையில் அவராக எடுத்த ஒரே துணிச்சலான முடிவு அது. அதுவும் இப்படி முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், தோட்டமே சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், கூட வேலை செய்த பழனியப்பனைக் கூட்டிக்கொண்டு போய் அப்பாவின் குழியைத் தோண்டினார். எலும்பையும் கையிலிருந்த மாலையையும் வெள்ளைத் துணியில் எடுத்தார். கம்பி வேலிக்குள்ளே, சிமெண்டுப் பலகையை ஒட்டினாற்போல இரண்டடி ஆழத்தில் இறக்கினார். துணியை உருவிக்கொண்டார், அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது என்று. மாலையை எடுக்க மட்டும் மனம் வரவில்லை. அம்மா கேட்டால் என்ன சொல்வது?

"மச்சான், இனிமே உங்கப்பாவ அசைக்க ஒருத்தனாலயும் முடியாதுலா" என்றான் பழனியப்பன். தன் பங்குக்கு ஒரு கற்பூரத்தையும் கொளுத்தினான்.

இருதயமேரிக்குச் சந்தோஷம். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் பஸ் பிடித்துப் போய், செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே இருந்த அந்த வேலிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். "என்னையும் எப்படியாவது இங்கயே கொண்டாந்து சேத்துடு" என்றாள். பக்கத்தில் புல் வெட்டிய ஆட்கள், வெள்ளைக்காரனுக்காக அழுகிற தமிழச்சியை அதிசயமாகப் பார்த்தார்கள்.

எழுபத்தேழு மார்ச்சில் ஒரு காலை. ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று வருகிறது, மரியாதைக்கு வரிசையில் நிற்கவேண்டும் என்று தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் வந்தது. ராணுவ ஹெலிகாப்டர் புதிதில்லை. எல்லைக் காட்டு வேலைக்குப் போகும் நூரி ஹெலிகாப்டர்கள் எண்ணெய் போட அடிக்கடி வந்து போகும். சூசைநாதன் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றார். நூரி இறங்கியது, விசிறி நின்றது. விமானப்படை ஆட்கள் சிறிய மரப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஒவ்வொன்றின் மேலும் பிரிட்டிஷ் கொடி.

"யாருதுலா?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

"ஜப்பான் காலத்துல விழுந்த கப்பலாம். தாப்பா பக்கம் ஏதோ தோட்டம். வெளிநாட்டுலேருந்து ஆளுங்க வந்து தோண்டி எடுத்தாங்களாம்."

சூசைநாதன் பெட்டிகள் பக்கம் திரும்பினார். எண்ண ஆரம்பித்தார். ஐந்து. ஆறு. ஏழு. ஏழோடு நின்றுவிட வேண்டும் என்று மாதாவிடம் வேண்டினார். எட்டாவது பெட்டியும் இறங்கியது.

கவசத்தைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கழற்றினார். பெட்டிகள் அவர் முன்னால் இரண்டடி தூரத்தில் போயின. ஈப்போவைக்கூட ஒழுங்காகப் பார்த்திராத யேசுதாசன், ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, ராணுவ மரியாதையோடு கோலாலம்பூர் விமானத்துக்கு மாறிப் போனார். மகன் விறைப்பாக நின்று வழியனுப்பினார். எந்தப் பெட்டி என்றுகூட அவருக்குத் தெரியாது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தாப்பாவுக்குப் போய்ப் பூபாலசிங்கத்தைப் பார்த்தார். கிராணி முகத்தில் அன்று தனிக் களை. வந்த வெள்ளைக்காரர்களுக்கு உதவியாக இருந்தவர் அவர்தான். எட்டுப் பேரும் கிடைத்துவிட்டார்கள் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு விவரித்தார். ஏழு பேர் பலகைக்கு நேர் கீழே, பாரசூட் துணியோடு. ஒருவர் மட்டும் கொஞ்சம் தள்ளி. பிறகு கிடைத்துப் பிறகு புதைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்களாம். அந்த ஒருவரையும் அடையாளம் கண்டாயிற்று.

"கையில செபமாலை இருந்தது. அந்த எட்டுப் பேரில் கத்தோலிக்கர் ஒருத்தர்தான், பின்பக்கத் துப்பாக்கிக்காரர். ஹார்கின் எண்டு பேர், இருபத்தொரு வயசுப் பொடியன். தமக்கைக்குத் தந்தியும் போயிட்டுது."

சூசைநாதன் நடந்ததைச் சொன்னார். முதல்முறையாக அவரை உட்காரச் சொன்னார் பூபாலசிங்கம். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உமக்கு விசரே? போர்க் கல்லறையைத் திறக்கிறது அரசாங்கக் குற்றம். நீர் அரசாங்க உத்தியோகத்தில இருக்கிறீர். பிடிச்சு மறியலில போடுவாங்கள், பென்ஷனும் போகும். அதைவிட, நாற்பத்தைஞ்சிலேர்ந்து ஒருத்தரும் அதில கை வைக்கேல்லை எண்டு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கிறன்."

"எங்கப்பாங்க ஐயா."

"எட்டுப் பேர் ஏறினாங்கள், எட்டுப் பேர் கிடைச்சாங்கள். எல்லாருக்கும் நிம்மதி. நீர் சும்மா இரும்."

சும்மா இருக்கச் சொன்னால் சூசைநாதனுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆனால் வீட்டில் அம்மா இருந்தாள். கல்லறைத் திருநாள் வந்தால் பஸ் ஏறிவிடுவாள். ஒரு வாரம் மென்று விழுங்கிவிட்டு அவளிடம் சொன்னார். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை.

"யாரோ ஒரு அக்காக்காரின்னு சொன்னியே, அது வருமா?"

"அடக்கத்துக்கு வரும்னு சொல்றாங்க."

"என்னைக் கூட்டிட்டுப் போ. நானே சொல்லிக்கிறேன். அதுவும் பொம்பளதானே, புரியாமயா போயிடும்?"

எழுபத்தெட்டு ஜனவரியில் வீட்டுக்கு அழைப்பு அட்டை வந்தது. அன்று விமானிகளைப் புதைத்த உபதேசியார் யேசுதாசனின் குடும்பத்தைக் கௌரவ விருந்தினராக அழைத்திருந்தார்கள். அப்பாவின் அடக்கத்துக்கு விருந்தாளி. ஹில்டா அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க பேசுவீங்களா?" என்று கேட்டாள்.

"பேசித்தானே ஆகணும்."

"உங்களுக்குத்தானே இங்கிலீஷ் வரும், அத்தைக்கு வராது. அத்தை சொல்றத அப்படியே சொல்லுங்க, வேற ஒண்ணும் வேணாம். எனக்கு என்னமோ நம்பிக்கை இல்லைங்க."

போர்வீரர் கல்லறை ஈப்போவிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம். வெட்டிய புல், வரிசை வரிசையாக வெள்ளைக் கல். ராணுவ அதிகாரிகள், தூதரக ஆட்கள், நாற்காலிகள். சூசைநாதனின் இலாகா மேலதிகாரியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எட்டுப் பெட்டிகளில் ஏழின் கல்லில் பெயரில்லை. யார் யாரென்று பிரிக்க முடியாததால் அந்த ஏழு பேருக்கும் ஒரே கல். எட்டாவதற்கு மட்டும் தனிக் கல், தனிப் பெயர். டெனிஸ் ஹார்கின், வயது இருபத்தொன்று. சாமியார் செபித்தார், ஊதுகொம்பு ஊதினார்கள், விமானப்படை விமானம் ஒன்று தாழ்வாகப் பறந்து போனது. உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாள் லீவு கேட்டதற்கு வேலை வாங்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கிய மனிதருக்கு இத்தனையும் நடந்தது.

முடிந்ததும் அந்த அக்காவை அழைத்துவந்து அறிமுகப்படுத்தினார்கள். எலீன் ஹார்கின், அறுபது வயது, சாம்பல் நிற கவுன், அழுது சிவந்த மூக்கு. மணிக்கட்டில் கருப்பு மணி மாலையைச் சுற்றியிருந்தாள். ராணுவத்தார் துடைத்து, அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். தங்கள் அம்மா அவனுக்குக் கொடுத்தனுப்பிய மாலை இது, பார்த்ததும் தெரிந்துகொண்டேன், என்று பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருதயமேரி அந்த மாலையைப் பார்த்தாள். கையை நீட்டிச் சிலுவையைத் தொட்டாள்.

"சூசை, சொல்லு. இது என் செபமாலை. எங்கப்பா எனக்குப் போட்டது. பெட்டிக்குள்ள இருக்கிறது எம் புருஷன், பேரு யேசுதாசன். அவரைத் தெரியாம எடுத்துட்டாங்க, தப்பில்ல. ஆள எங்கிட்ட குடுத்துடச் சொல்லு."

எலீன் சூசைநாதனைப் பார்த்தாள். "உங்கள் தாயார் என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள்.

மேலதிகாரி நாலடி தள்ளி நின்றார். அவருக்குப் பக்கத்தில் பூபாலசிங்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சூசைநாதனுக்குக் குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது, பென்ஷனுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருப்பது ஞாபகம் வந்தது. அந்த வெள்ளைக்காரியின் மனம் நோகுமே என்று தயங்கியதாகப் பிற்காலத்தில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது பொய். அந்த நிமிஷத்தில் அவளை அவர் நினைக்கவே இல்லை. பயந்தார், அவ்வளவுதான்.

"என் அப்பா யேசுதாசன்தான் உங்கள் தம்பியைப் புதைத்தவர்" என்றார் ஆங்கிலத்தில். "உங்கள் தம்பிக்காகத் தினமும் செபம் செய்வதாக அம்மா சொல்கிறார்."

எலீன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மணிக்கட்டிலிருந்த மாலையை ஒருமுறை பார்த்தாள். குனிந்து இருதயமேரியை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆங்கிலத்துக்கு நடுவே யேசுதாசன் என்ற பேர் காதில் விழுந்ததால், மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று இருதயமேரி நினைத்தாள். அவளும் அந்த முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. "நல்ல பொம்பள. ஒரு வார்த்தை சண்டைக்கு வரல பாரு. இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போகணுமே, அதான் அழுவுது. பேப்பரெல்லாம் எழுதி அனுப்ப நாளாகும். ஆனா குடுத்துடும்" என்றாள். சூசைநாதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நாலரை வருஷம் இருதயமேரி காத்திருந்தாள். திங்கட்கிழமைதோறும், "வெள்ளைக்காரம்மா கடுதாசி போட்டுச்சா?" என்று கேட்பாள். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கடிதம் வந்தது. உங்கள் தாயாரின் செபத்துக்கு நன்றி என்று நாலு வரி இருக்கும். சூசைநாதன் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆபீசில் கேட்டிருக்கிறதாம், இன்னும் இரண்டு கையெழுத்து பாக்கியாம், என்று அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார். உள்ளே ஹில்டா பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற மாதிரி கழுவுவாள். ஒருமுறை அவளே சொல்லிவிட அறைக்குள் போனாள். மாமியார் கல்யாணப் புடவையை வெயிலில் காயவைத்து மடித்துக்கொண்டிருந்தாள், புருஷனைத் திரும்ப அடக்கம் செய்கிற அன்றைக்குக் கட்ட. ஹில்டா ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து, அன்று முழுக்கப் புருஷனோடு பேசவில்லை.

எண்பத்திரண்டு ஆகஸ்டில் இருதயமேரி படுத்தாள். பத்து நாள். கடைசி இரண்டு நாள் தவிர நினைவு நன்றாகவே இருந்தது. தேவாலயத்துக் கல்லறையில் தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் வாங்கிப் போடச் சொன்னாள்.

"என்னை அவருக்கு வலது கைப் பக்கமா வை. அவருக்கு இடது காது கேக்காது" என்றாள்.

சூசைநாதன் அப்படியே வாங்கினார். பக்கத்து இடம் புல் முளைத்துக் கிடந்தது. யாருக்கு என்று கல்லறைக் காவல்காரர் கேட்டார். சூசைநாதன் குனிந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் ஓய்வு உத்தரவு வந்தது. பென்ஷன் உறுதியான மறுநாள் சூசைநாதன் உட்கார்ந்து எலீனுக்கு எழுதினார். பாரசூட்டிலிருந்து பெட்டிவரை ஒன்று விடாமல் எழுதினார். ஆறு பக்கம். இனி யாரும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தைக் கேட்டவள் மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பதில் மூன்று மாதம் கழித்து வந்தது. சின்னக் கையெழுத்தில் இரண்டு பக்கம்.

"உங்கள் கடிதம் எனக்கு அதிர்ச்சி தரவில்லை. அடக்கத்துக்கு முதல் நாள், எலும்புகளைப் பரிசோதித்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எலும்புகள் ஐம்பது வயது மனிதருடையவை, பற்களில் முப்பது வருஷ வெற்றிலைக் கறை இருக்கிறது, என்றார். முடிவை என்னிடம் விட்டார். வீட்டில் எண்பத்து நாலு வயதில் என் அம்மா காத்துக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு போக என்னால் முடியவில்லை. யாரோ ஒரு கூலிக்காரர் என்று நினைத்தேன். அவரைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

"உங்கள் தாயார் மாலையைத் தொட்டபோது எனக்குச் சந்தேகம் வந்தது. அதனால்தான் என்ன சொல்கிறார் என்று உங்களைக் கேட்டேன். இப்போது எழுதியதில் ஒரு வரியை அன்று நீங்கள் சொல்லியிருந்தால், அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், அவரை உங்கள் தாயாரிடம் கொடுத்திருப்பேன்.

"என் அம்மா எண்பதில் இறந்தார். மாலையை அவர் கையிலேயே வைத்து அடக்கம் செய்தோம். உங்கள் கடிதம் வந்ததும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். டாக்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு வயதானவர்களின் வாய்ச்சொல்லை நம்பி, பெயர் வைத்து மூடிய கல்லறையைத் திறக்க முடியாது என்று பதில் வந்திருக்கிறது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமையில்லை."

சூசைநாதன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே கிளம்பினார். எங்கே என்று ஹில்டா கேட்டாள். அம்மாவிடம் போவதாகச் சொன்னார். குடையை எடுத்துக் கொடுத்தாள்.

கல்லறையில் பத்து மணி வெயில். யாருமில்லை. அம்மாவின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதத்தைப் பிரித்தார். இத்தனை வருஷம் அவளுக்குப் பொய்யாகவே படித்துக் காட்டியிருந்தார். இன்றைக்காவது உள்ளதை உள்ளபடி படித்துவிடுவது என்று வந்திருந்தார். வரி வரியாகத் தமிழில், வாய்விட்டுச் சத்தமாகச் சொன்னார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். வெற்றிலைக் கறையைச் சொன்னார். கூலிக்காரர் என்று நினைத்ததைச் சொன்னார். அந்த அம்மா வெட்கப்பட்டதையும் சொன்னார். மாலையைத் தொட்டதும் சந்தேகம் வந்தது, அதனால் கேட்டேன், என்பதுவரை வந்தார்.

அடுத்த வரியில் குரல் நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தார். மேலதிகாரி இல்லை, கிராணி இல்லை, கேட்பதற்கு ஒரு காக்காகூட இல்லை. மறுபடி வாயைத் திறந்தார். மூடினார். அந்த வரியை விட்டுவிட்டு, "அவங்கம்மா எண்பதுல இறந்துட்டாங்களாம்மா" என்று அதற்கு அடுத்ததைப் படித்தார்.